சத்தம் வரலை சார்

பேராசிரியர் ஏகாம்பரநாதனுக்கு ஆன்லைன் வகுப்பில் ஒரே சட்டம்தான். திரையில் முகம் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால் மனசு இருக்கிறது, தெரியாவிட்டால் ஆளே இல்லை. அவர் பேசப் பேசத் திரை நிறைய முகங்கள் தலையாட்டும். அவருக்கு உச்சி குளிரும்.

கறுப்புக் கட்டமாகவே கிடந்தவள் வால்பாறை எஸ்டேட்டுப் பெண் மரியபுஷ்பம் ஒருத்திதான். வீடியோ போட்டால் அந்த மலையில் நெட் அறுந்துவிடும்.

ஒருநாள் கல்லூரி முதல்வரும் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அவர் முன்னாலேயே பேராசிரியர் கேட்டார்.

"மரியபுஷ்பம், உன் மனசு வகுப்புலதான் இருக்குன்னு நிரூபி. இல்லேன்னா இந்தத் தடவை நீ பரீட்சை எழுத முடியாது."

நெஞ்சைப் பிளந்தா மனசைக் காட்ட முடியும்? அவள் பதறவில்லை.

"சரிங்க சார். நேத்து வகுப்பை என்ன சொல்லி முடிச்சீங்கன்னு முதல்ல மத்தவங்களைக் கேளுங்க."

கேட்டார். ஆடிக்கொண்டிருந்த தலைகள் அத்தனையும் நின்றுபோயின.

"சரி, நீ சொல்லு."

"எனக்கும் தெரியாதுங்க சார். நேத்து பாதி வகுப்புக்கு மேல உங்க மைக் அணைஞ்சு கிடந்துச்சு. சாட்டுல எழுதிக்கிட்டே இருந்தேன், நீங்க பார்க்கலை."

பேராசிரியர் நேற்றைய சாட் பக்கத்தைத் திறந்தார். 'சத்தம் வரலை சார்' என்ற ஒரே வரி மேலிருந்து கீழ்வரை இருந்தது, அவள் பெயரில் மட்டும். சத்தமே இல்லாத பேச்சுக்குத் தலையாட்டிய முகங்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பைத் தொடங்குமுன், அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மரியபுஷ்பம், கேட்குதாம்மா?"