குகையில் இல்லாத நாகம்

மலையடிவாரக் காடு ஒன்றை ஒரு யானை ஆண்டு வந்தது. நல்ல அரசன் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை அது உயிராக மதித்தது.

அடைமழைக் காலத்தில் அங்கே தீனி கிடைப்பது கடினம். அதனால் விலங்குகள் எல்லாம் விளாம்பழங்களைப் பொறுக்கி, ஒரு குகையில் சேர்த்து வைக்கும். அந்த ஆண்டு குகைக்குக் காவலாக, தன் அமைச்சரான கரடியை யானையே நியமித்தது.

மழைக்குச் சில வாரங்கள் முன்பு யானை குகையை எட்டிப் பார்த்தது. உள்ளே வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

"கொஞ்சம் தின்னலாம் என்றுதான் ஆரம்பித்தேன், அரசே," என்றது கரடி, தலையைத் தூக்காமல். "நிறுத்த முடியவில்லை."

யானைக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. 'இதை நியமித்தது நான்தானே. வெளியே தெரிந்தால் என் பெயர் என்னாவது?'

அது ஒரு பாறையை உருட்டிக் குகை வாயை அடைத்தது. "உள்ளே பழம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நாகம் ஒன்று புகுந்துவிட்டது. அது போகும்வரை யாரும் கிட்டே வரக் கூடாது" என்று காடெங்கும் அறிவித்தது.

மழை பிடித்துக்கொண்டது. விலங்குகள் பசியோடு வந்து, தூரத்தில் நின்று குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பின. மான்குட்டிகள் மரப்பட்டையைக் கடித்தன. யானைக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் கீரி அரசவைக்கு வந்தது.

"நாகம் என்று கேள்விப்பட்டேன், அரசே. அது என் வேலை. உத்தரவு கொடுங்கள்."

"வேண்டாம். அது மிகப் பெரிய நாகம்," என்றது யானை.

"பெரியதென்றால் நல்லதுதான்."

"இரண்டு இருக்கின்றன," என்று கரடி அவசரமாகச் சொன்னது.

"அப்படியானால் என் மனைவியையும் கூட்டிக்கொள்கிறேன்."

யானை வேறு வழியின்றித் தலையாட்டியது. எல்லா விலங்குகளும் பார்த்திருக்க, கீரி பாறை இடுக்கில் நுழைந்தது. சற்று நேரத்தில் வாயில் ஒரு விளாம்பழ ஓட்டைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, அதைக் கீழே வைத்தது.

"பாம்பும் இல்லை, பழமும் இல்லை," என்றது.

"தின்றது நான்தான்," என்று கரடி ஒப்புக்கொண்டது.

தாய்மான் அதன் பக்கம் திரும்பவே இல்லை. யானையைப் பார்த்துச் சொன்னது: "கரடி தின்றதை அன்றே சொல்லியிருந்தால் வேறு பழம் தேடியிருப்போம். மழைக்கு நாள் இருந்தது. பாம்பைச் சொல்லி எங்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டீர்களே."

விலங்குகள் தங்கள் குட்டிகளை அழைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி அடுத்த மலைக்கு நடந்தன. யாரும் அரசனிடம் விடைபெறவில்லை.

நீதி: பிறர் செய்த தவறை மறைக்கப் போகிறவர், அதைவிடப் பெரிய தவறைத் தாமே செய்துவிடுகிறார்.