சேத்து டீச்சர் நடந்த வழி

“டீச்சரம்மா, எங்க கடல்ல ஈயத்தைக் கலக்குறவன் எவன்? பேரை மட்டும் சொல்லுங்க.”

கேட்டவன் கஸ்பார். ஆறு வயது மகள் ரொசாரியின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஓயாமல் வாயடித்த பிள்ளை, இப்போது பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள்.

கடலடிச் சேற்றைக் குழாயில் எடுத்து, அதில் படிந்தது எங்கிருந்து வந்தது என்று சொல்கிற பெண்மணி அவர். கரையில் எல்லாருக்கும் சேத்து டீச்சர். லேசில் வாய் திறக்கமாட்டார். கேட்டவனுக்குத்தான் பொறுமை போகும்.

“அந்த ஆலைக்காரன்தானே?”

“ஈயத்துக்கும் பிறந்த இடம் உண்டு, கஸ்பார். எந்தச் சுரங்கத்துல பிறந்துச்சோ அந்த அடையாளம் அழியாது. ஆலை வாய்க்கால், கடல் சேறு, உன் மக ரத்தம், மூணையும் சோதிச்சாச்சு. ஆலை வாய்க்கால்ல இருக்கிறது வேற.”

“மத்த ரெண்டும்?”

“கடல் சேத்துல இருக்கிறதும் உன் மக ரத்தத்துல இருக்கிறதும் கூடப் பிறந்ததுங்க.”



“அப்ப எங்கேருந்துதான் வருது?”

டீச்சர் எழுந்து நடந்தார். ஈயம் காட்டும் கருவியை அங்கங்கே மண்ணில் வைப்பார், பார்ப்பார், கூடுகிற பக்கமாகவே போவார். நல்ல பட்டப்பகல். ஆனால் அந்தக் கரையில் ஒரு நண்டு இல்லை. காக்கைகூட இறங்கவில்லை.

“இங்க கூடுதா?”

“கூடுது.”

“இன்னும் போகணுமா?”

“வா.”

முதலில் அவன்தான் ஆத்திரத்தோடு முன்னால் ஓடினான். படகுத்துறை தாண்டியதும் பின்தங்கினான். தன் தெருமுனை வந்ததும் நின்றே விட்டான்.

“டீச்சரம்மா, இது எங்க வீட்டுக்குப் போற வழியில்லா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓர் அடுப்பு. பழைய பேட்டரிகளை உடைத்து, அதில் உருக்கி, ஊர் வலைக்கெல்லாம் ஈயக்குண்டு வார்ப்பவன் கஸ்பார்தான். கழுவின தண்ணீர் ஓடை வழியாகக் கடலுக்குப் போகும். அம்மாம்பெரிய கடலை இது என்ன செய்துவிடும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தான், பாவி மனுஷன்.

கருவியை வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுப்போரம் ரொசாரி உட்கார்ந்திருந்தாள். அடுப்புக் கல்லில் படிந்திருந்த வெளுத்த ஈயப்பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, விரலை அவனிடம் நீட்டினாள்.

“இனிக்குதுப்பா.”