தெற்கு மூலைப் புல்

மழைக்கும் வெயிலுக்கும் பயந்து கால்பந்து மைதானத்துக்கே கூரை போட்ட நகரம் அது. கூரை கண்ணாடிபோலத் தெளிவானது. அண்ணாந்து பார்த்தால் பருந்து வட்டமிடுவது தெரியும். இவ்வளவு தெரிகிறதே, புல்லுக்கு என்ன குறை என்று எல்லோரும் நினைத்தார்கள். புல்லை யாரும் கேட்கவில்லை.

புல்தரைக்குப் பொறுப்பு சலோமி. அவளிடம் வேலை கற்க வந்த தணிகைவேலு அவளைவிட வயதில் மூத்தவர். அதுவரை திறந்தவெளி மைதானங்களிலேயே காலத்தை ஓட்டியவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

கேலரியின் நிழல் விழும் தெற்குக் கோல் கம்பத்தடியில் மட்டும் புல் மெலிந்து வெளுத்திருந்தது. சக்கரம் வைத்த விளக்கு வண்டி ஒன்று அதன்மேல் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது.

"பாக்கவே பாவமா இருக்கு டீச்சர். கொஞ்சம் உரம் போடட்டுமா?"

"வேணாம்ணே. மெலிஞ்சே இருக்கட்டும். விளக்கு வண்டிய மட்டும் நகத்தாதீங்க."

தங்கை கல்யாணத்துக்கு சலோமி ஊருக்குப் போனாள். தணிகைவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. யூரியா தூவினார். தாராளமாகத் தண்ணீர் விட்டார். புல் மளமளவென்று எழுந்தது, பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. இனி இதற்கு விளக்கு எதற்கு என்று வண்டியை வடக்குப் பக்கம் தள்ளிவிட்டார்.

மைதானச் செயலாளர் வந்து பார்த்து அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க தணிகைவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சலோமி திரும்பியது போட்டிக்கு முந்தின நாள். செயலாளரும் கூடவே வந்தார். அவள் குனிந்து புல்லைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆடலாம்ல?" என்றார் செயலாளர்.

"அண்ணே, பூட்ஸ் போட்டுட்டு வாங்க" என்றாள் சலோமி. "ஓடி வந்து கோல் முன்னால சட்டுனு திரும்புங்க. ரொம்ப வேகமா வேணாம்."

ஓடி வந்தார். திரும்பினார். காலடியில் இருந்த பாயை யாரோ உருவியதுபோல் புல் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போனது. அவர் இடுப்பில் அடிபட விழுந்தார். பெயர்ந்த இடத்தில் வெறும் மணல். புல்லின் வேர் நகத்தின் நீளம்கூட இல்லை.

கோல்கீப்பர் பாய்ந்து விழும் இடம் அது. செயலாளர் முகம் செத்துவிட்டது. போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தணிகைவேலு உடனே எழுந்திருக்கவில்லை. வலி பெரிதில்லை. நாளைக்கு எந்தப் பையனின் முழங்கால் போயிருக்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சலோமி வடக்கிலிருந்து விளக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் நொண்டியபடி போய் ஒரு கை கொடுத்தார்.

"எம்மேல கோவமா டீச்சர்?"

"இல்லண்ணே. விவரம் சொல்லாம போனது என் தப்பு."

"பசிக்குதுன்னுதான் போட்டேன். அதுவும் வாங்கிக்கிட்டு வளந்துச்சு. இவ்வளவு உசரம் வந்ததுக்கு வேர் இல்லாமப் போச்சே, எப்படி டீச்சர்?"

அவள் விளக்கைப் போட்டாள்.

"அது வளரலண்ணே. வெளிச்சம் எங்க இருக்குன்னு எட்டிப் பாத்துச்சு."