முடிச்சு நூலும் மூக்குக்கண்ணாடிப் பட்டயமும்

குன்றாபுரி ராஜா வீரகேசரி ஒரு நாள் எருமை மாட்டுக்குக் கும்பிடு போட்டார். இந்தச் சட்டம் பிறந்ததே அதனால்தான்.

ராஜாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆசைதான். சந்தையில் எவனோ புட்டித் துண்டைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி என்று விற்றான். அதை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கினார். எதிரே கறுப்பாக, பெரிதாக, நிதானமாக ஒன்று அசைந்து வந்தது. பெரிய மந்திரிதான் என்று நினைத்துக் கும்பிட்டு, "வாரும், மூட்டு வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார்.

ஊர் சிரித்தது. மந்திரி ஒரு வாரம் சபைக்கு வரவில்லை.

"இனிக் கண்டவனும் கண்ணாடி விற்கக் கூடாது!" என்றார் ராஜா. "வைத்தியரே, ஒரு கட்டுப்பாடு எழுதும்."

அரண்மனைக் கண்வைத்தியர் தன்வந்திரிதாசருக்குக் கரும்பு தின்னக் கூலி. வீட்டில் வேலையில்லாத மருமகன் ஒருவன் இருந்தான்; அவனுக்கு ஒரு கண்ணாடிக் கடை வைத்துக் கொடுக்க இதுவே சமயம். வைத்தியர் எழுதினார்: கண்ணாடி செய்பவர் அரண்மனைப் பட்டயம் பெற வேண்டும். வைத்தியர் வைக்கும் பரீட்சையில் அவர் மனம் நிறையும்படி தேற வேண்டும். தோற்றவரின் சாணைக்கல் குளத்தில் போடப்படும். பட்டயம் இல்லாதவர் செய்த கண்ணாடி எந்த மூக்கில் இருந்தாலும் பறிக்கப்படும்.

ஊரில் உண்மையாகவே கண்ணாடி செய்தவள் ஒருத்திதான். பெயர் தையல்நாயகி. படிகக் கல்லைச் சாணையில் தேய்த்துத் தேய்த்து, நீர்த்துளி போல் ஆக்கிவிடுவாள். பரீட்சைக்கு முந்தின நாள் அவள் நேரே அம்பலவாணர் வீட்டுக்கு வந்தாள்.

அம்பலவாணர் சபையின் விகடப் புலவர். சபையைச் சிரிக்க வைப்பது அவர் தொழில். தனியே இருக்கும்போது அதிகம் சிரிக்கமாட்டார். கண் மங்கிய பிறகு ஏழு வருஷம் அவர் பிறர் வாயால்தான் படித்தார். பிறர் படித்துக் கேட்ட கவிதை, பிறர் மென்று கொடுத்த சோறு மாதிரி. அந்த ஏழு வருஷத்தை ஒரே காலையில் முடித்து வைத்தவள் தையல்நாயகி.

"கண்ணோய் தொண்ணூத்தாறுக்கும் பேர் சொல்லணுமாம், சாமி. எனக்கு ரெண்டுதான் தெரியும். தெரியுது, தெரியல. அந்தச் சாணை போச்சுன்னா நானும் அதுகூடக் குளத்துல விழவேண்டியதுதான்."

"அவசரப்படாதே அம்மா. குளம் எங்கேயும் போய்விடாது. அது என்ன கையில், நூல் கத்தை?"

"மூக்கு அளவு. ஆளுக்கொரு நூல், அளவுக்கு முடிச்சு. பேர் மறந்தாலும் மூக்கு மறக்காது. இதோ, இதுக்கு மட்டும் பேரே இல்ல. யாரோ அளந்து கொடுத்தனுப்பின நூல். ஆள் பேர் கேக்கக் கூடாதுன்னுட்டாங்க, கண்ணாடியும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இடப்பக்கம் சாஞ்ச மூக்கு."

அம்பலவாணர் அந்த நூலை வாங்கித் தம் மூக்கின்மேல் இடப்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, அன்று முதல் முறையாக, சிரித்தார்.

மறுநாள் காலை மடைப்பள்ளிக்குப் போய்ச் சமையல் குப்பய்யரிடம் நாலு வார்த்தை பேசி, ஓர் ஓலையும் வாங்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

பரீட்சை சீக்கிரம் முடிந்தது. "முதல் நோயின் பெயர் என்ன?" "தெரியாதுங்க." "இரண்டாவது?" "அதுவும்." வைத்தியர் கையைத் தட்டினார். "தோற்றாள்! ராயசரே, தீர்ப்பு ஓலையைப் படியும்."

"நில்லுங்கள்!" என்றார் அம்பலவாணர். "சட்டம் என்றால் சட்டம். அவள் செய்த கண்ணாடி முதலில் சபையில் உள்ள மூக்குகளிலிருந்து இறங்கட்டும்." தம்முடையதைத் தாமே கழற்றி முன்னே வைத்தார். வேறு வழியில்லாமல் மந்திரி கழற்றினார், ஓலை எழுதும் ராயசர் கழற்றினார்.

ராயசர் ஓலையைத் தூக்கிப் பிடித்தார், நீட்டிப் பிடித்தார். "மகாராஜா, எழுத்தும் தெரியவில்லை, எழுத்து இருக்கிற பக்கமும் தெரியவில்லை."

"வைத்தியரே படிக்கட்டுமே" என்றார் அம்பலவாணர், ஓலையை வாங்கிக் கொடுத்தபடி. "அவருக்குத்தான் கண்ணாடி தேவையே இல்லையே?"

"எனக்கென்ன! கழுகுக் கண்!" வைத்தியர் ஓலையை விரித்துக் கணீரென்று முழங்கினார்: "தையல்நாயகி என்பவள் கண்வைத்திய நூல் கற்காதவள். ஆகவே அவள் சாணையைக் குளத்தில் இட..."

"ஐயையோ!" என்று வாசலிலிருந்து குப்பய்யர் ஓடி வந்தார். "அது இன்றைய சமையலுக்கு நான் எழுதின ஓலை!"

ராஜா பிடுங்கிப் பார்த்தார். "சேனைக்கிழங்கு வறுவல் என்றல்லவா இருக்கிறது! இதில் தையல்நாயகி எங்கே?"

வைத்தியர் மடியைப் பொத்திக்கொண்டார். "நான் எழுதினதுதானே... மனப்பாடமாக..."

அதற்குள் அம்பலவாணர் சாடை காட்ட, தையல்நாயகி அந்தப் பேரில்லா நூலை அவர் மூக்கில் வைத்துவிட்டாள். முடிச்சுக்கு முடிச்சு உட்கார்ந்தது. "அட, இந்த மூக்கா! சாமி, இடுப்புல ஒளிச்சு வெக்காதீங்க. கல் கீறிடும்."

மடியிலிருந்து கண்ணாடி வெளியே வந்தது. "கண்வைத்தியனுக்கே கண் தெரியாது என்றால் எவன் வருவான் என்று..." என்று முனகினார் வைத்தியர்.

ராஜாவின் முகம் மாறியது. "நேற்று குளிர்ச்சிக்கு என்று என் கண்ணில் ஊற்றினீரே, அது எந்தக் குப்பி?"

"பொறுங்கள் மகாராஜா, பரீட்சையே இன்னும் முடியவில்லை" என்றார் அம்பலவாணர். "சட்டம் நல்லது. எருமையைக் கேட்டால் அதுவும் சொல்லும். வைத்தியர் மனம் நிறைய வேண்டும், அவ்வளவுதானே? அந்தக் கண்ணாடியை மாட்டி இந்த ஓலையைப் படிக்கட்டும். படித்துவிட்டால் அவள் தேறினாள். படிக்க முடியாவிட்டால் அவள் தோற்றாள். கண் தெரியாத வைத்தியர் கைமருந்தையும் இன்றோடு நிறுத்திவிடலாம்."

வைத்தியர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியை மாட்டினார். "சேனைக்கிழங்கு வறுவல். வாழைப்பூ வடை. மோர்க்குழம்பு..."

"தேறினாள்!" ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "முதல் பட்டயம் தையல்நாயகிக்கு! இனிப் பரீட்சை வைப்பவளும் அவளே. அம்பலவாணரே, இந்த முத்துமாலை உமக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரும், நல்ல முத்து!" பிறகு ஓலையை எட்டிப் பார்த்தார். "வைத்தியரே, கடைசி வரியை விட்டுவிட்டீரே?"

"அது... அது சரியாகத் தெரியவில்லை, மகாராஜா."

"தெரியலையா?" தையல்நாயகி பதறினாள். "கழட்டிக் கொடுங்க சாமி, இன்னும் கொஞ்சம் தேய்ச்சுத் தாரேன்!"

"வேண்டாம், வேண்டாம், தெரிகிறது!" என்று வைத்தியர் அவசரமாகப் படித்தார்:

"இவையெல்லாம் சபையோருக்கு. வைத்தியருக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி."