ஒற்றைக்கால் பாறைக்கு எத்தனை தாத்தா?

நீளவாலன் என்ற கீரி, ஒரு குன்றின் சரிவில் மனைவி கூர்மூக்கியோடு குடியிருந்தது. குன்றின் உச்சியில் யானையைவிடப் பெரிய பாறை ஒன்று, சிறு முனையை மட்டும் ஊன்றி நின்றது. காற்றடித்தால் விழும் போலிருக்கும். ஆனால் விழாது! ஒற்றைக்கால் பாறை என்று அதற்குப் பெயர். அதைப் பார்க்க ஆறு தாண்டி, காடு தாண்டிக் கூட்டம் கூட்டமாக விலங்குகள் வந்தன.

வந்தவை எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "இதை யார் இங்கே தூக்கி வச்சது?"

யாருமே வைக்கவில்லை. காலம் காலமாகப் பெய்த மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிற்று. பாறை மிஞ்சியது. நீளவாலன் முதலில் இதைத்தான் சொல்லிவந்தது. கேட்டவை கொட்டாவி விட்டுவிட்டுப் போயின. ஒன்றுகூட ஒரு பழம் கொடுக்கவில்லை.

ஒருநாள் ஓர் ஆமை வந்தது. நீளவாலனுக்கு அன்று நல்ல பசி.

"பாறைன்னா நினைச்சீங்க? இது உங்க குலத்தோட முதல் பாட்டன் கழற்றி வச்ச ஓடுங்க!" என்றது.

ஆமைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போகும்போது கொழுத்த நத்தைகளை வைத்துவிட்டுப் போயிற்று.

அதன்பிறகு நீளவாலனுக்கு யோகம்தான்! "உங்க மகாராஜா ஆடின ஆட்டத்துல குன்று வெடிச்சு, இது முளைச்சது!" என்று மயில்களிடம் சொன்னது. "பாறை சரியாத்தான் நிக்குது. குன்றுதான் தலைகீழா இருக்கு. உங்களுக்குப் புரியும்!" என்று வௌவால்களிடம் சொன்னது. வௌவால்கள் பூரித்துப்போய், தொங்குவதற்கு இடம் தேடின.

யானைகளிடம், "உங்க கொள்ளுப்பாட்டி தும்பிக்கையால அலாக்காத் தூக்கி வச்சாங்க!" என்றது. காட்டுப்பன்றிகளிடம், "உங்க முப்பாட்டன் மூக்கால ஒரு நெம்பு நெம்பினார். பறந்து வந்து உட்கார்ந்துச்சு! மத்தவங்க தொட்டாத்தான் சாபம், நீங்க தைரியமா முதுகைத் தேய்ங்க!" என்றது. விளாம்பழமும் கிழங்கும் குவிந்தன.

கூர்மூக்கிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கீரிகளின் வளை பாறைக்கு நேர் கீழே இருந்தது. உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள்.

"என்னங்க, ஒரு பாறைக்கு எத்தனை தாத்தா?" என்று கேட்டது.

"கேட்கிறவங்க எத்தனை பேரோ அத்தனை! எல்லாரும் சந்தோஷமாப் போறாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

சொல்லிவிட்டாலும் நீளவாலனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. நாம் செய்வது சரிதானா? ஒரு விளாம்பழத்தை உடைத்துத் தின்றது. உறுத்தல் போய்விட்டது.

சில நாளில் கோடை முற்றியது. சுற்றுவட்டாரக் குட்டைகள் எல்லாம் வற்றிப்போயின. குன்றடிக் குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது. யானைகளும் பன்றிகளும் ஒரே காலையில் அங்கே வந்து சேர்ந்தன. தண்ணீர் குடித்ததும், முன்னோரை வணங்க இரண்டு கூட்டமும் மேலே ஏறின.

யானைகள் எதை வணங்கினாலும் தும்பிக்கையால் மெல்லத் தடவிக் கொடுக்கும். பன்றிகளின் மரியாதை வேறு மாதிரி. மதிக்கும் இடத்தில் முதுகைத் தேய்க்கும். அன்று சேறும் சகதியுமாக வந்து, சர் சர்ரென்று தேய்த்தன.

யானைத் தலைவி பெருஞ்செவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடச்சீ! எங்க கொள்ளுப்பாட்டி வச்ச பாறையில முதுகு சொறியறீங்களா?"

"சொறியறதா? கும்பிடறோம், ஆத்தா!" என்றது பன்றித் தலைவன் கோரைப்பல்லன். "எங்க முப்பாட்டன் பாறையை நீங்க ஏன் மோந்து பார்க்கறீங்க?"

"உங்க முப்பாட்டனா? யார்டா சொன்னது?"

"நீளவாலன் சொன்னான்!"

"எங்களுக்கும் அவன்தானே சொன்னான்!"

இரண்டும் திரும்பின. நீளவாலன் புதருக்குள் பதுங்கியிருந்தது. வால் மட்டும் வெளியே கிடந்தது. கோரைப்பல்லன் அதைப் பிடித்து இழுத்தது.

"சொல்லுடா! யார் வச்சது?"

"ரெண்டு பேரும்... சேர்ந்து..."

"இதுங்களோட சேர்ந்தா?" என்று இரண்டும் ஒரே குரலில் அலறின.

கோரைப்பல்லன் சீறியது. "வெறும் பேச்சு எதுக்கு? உங்க பாட்டி வச்சதுன்னா, உருட்டிவிட்டு மறுபடி தூக்கி வைங்க பார்ப்போம்!"

"உருட்டறேன்! வைக்கறேன்! அப்புறம் நீ வை!" பெருஞ்செவி பாறையில் நெற்றியை முட்டுக்கொடுத்தது. கோரைப்பல்லன் விட்டுக்கொடுக்குமா? அடியில் மண்ணைக் கிளறத் தொடங்கியது.

நீளவாலன் சரிவைத் திரும்பிப் பார்த்தது. கீழே வளை! உள்ளே குட்டிகள்!

"நிறுத்துங்க! யாருமே வைக்கலை! மழைதான் மண்ணைக் கரைச்சுது!"

"மழைக்கு ஏதுடா தும்பிக்கை?" என்று சிரித்தது பெருஞ்செவி.

"இப்படிச் சொல்ல மழை உனக்கு என்ன கொடுத்தது? எங்க கிழங்கைவிட ருசியா?" என்றது கோரைப்பல்லன்.

"தொட்டா சாபம்! குலமே அழிஞ்சிடும்!"

"சொந்தக்காரங்களைச் சாபம் அண்டாது, தைரியமாத் தேய்ங்கன்னு நீதானே சொன்னே!"

நீளவாலன் தலைதெறிக்கக் கீழே ஓடியது. எதிரே கூர்மூக்கி மூச்சிரைக்க நின்றது.

"சத்தம் கேட்டதுமே ரெண்டைத் தூக்கிட்டு வந்து புதர்ல விட்டேன். ஒண்ணு உள்ளே இருக்குங்க!"

நீளவாலன் வளைக்குள் பாய்ந்தது. குட்டியைக் கவ்வியது. தலைக்குமேல் பாறை முனகியது. வெளியே தாவியது. அவ்வளவுதான்! பாறை கடகடவென்று உருண்டு, வளையைத் தரைமட்டமாக்கி, குளத்தில் போய் விழுந்து நாலாகப் பிளந்தது. தெறித்த சேற்றில் யானைக்கும் பன்றிக்கும் வித்தியாசமே தெரியவில்லை!

ஒரு தவளை தலையைத் தூக்கியது. "எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?"

"நான் இல்லை! பன்றிங்கதான் தோண்டிச்சு!"

"ஐயோ, நாங்க இல்லை! அந்தம்மாதான் முட்டிச்சு!"

இரண்டும் நீளவாலனைப் பார்த்தன. "நீ சொல்லுடா! யார் தள்ளினது?"

நீளவாலனின் வாயில் குட்டி இருந்தது. கூர்மூக்கிதான் முன்னால் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் தள்ளினீங்க. எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளாவே தள்ளிக்கிட்டு இருந்தார்!"

கேட்பவர் மனம் குளிர ஆளுக்கொரு வரலாறு சொல்பவர், உண்மையைச் சொல்லியாக வேண்டிய நாளில் அதை நம்ப ஓர் ஆளைக்கூட மிச்சம் வைப்பதில்லை.