வடக்குச் சுவரின் தீர்த்தம்

திருச்சியில் லாரிப் பட்டறை ஒன்றில் வண்டி கழுவும் வேலை மாசிலாமணியாருக்கு. வாரத்தில் ஆறு நாள் கிரீசும் சேறும் அவர் கையை விட்டுப் போகாது. ஏழாம் நாள் அதே கையில் உழவாரம் இருக்கும். கோயில் தளத்தில் முளைத்த புல்லையும் பூண்டையும் அந்தக் கருவியால் செதுக்குவது சிவனடியார் தொண்டு. விடியுமுன் திருநீறு பூசி, ஐந்தெழுத்தை ஓதி, நாற்பது இளைஞர்களை வேனில் ஏற்றிக்கொண்டு, பாழடைந்த சிவாலயம் எங்கே என்று தேடிப் புறப்பட்டுவிடுவார்.

நெய்விளாகம் என்ற சிற்றூரின் வயல்களில் வளர்ந்தவர் அவர். எந்தச் செடி வேரோடு வரும், தேங்கிய நீர் எந்தப் பக்கம் வழி தேடும் என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரியும். அதனால்தான் பட்டதாரிப் பிள்ளைகளும் அவரைத் தலைவரே என்று அழைத்துப் பின்னால் நின்றார்கள். பதினோரு ஆண்டுகளில் முந்நூறு கோயில்கள் அவர்கள் கையால் வெளிச்சம் கண்டன. போன ஊரிலெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கூச்சத்தோடு வாங்கி, அந்த ஊர் எல்லை தாண்டுவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

ஒரு கோயிலுக்கு மட்டும் அவர் போகவில்லை. அது சொந்த ஊர்க் கோயில். அங்கே குடிகொண்ட துணையிருந்த நாதரின் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி, வடக்குச் சுவருக்கு வெளியே மண்ணில் புதைந்து கிடந்தது. தெருவை மேடாக்கி மேடாக்கி ஊரார்தாம் அதை மூடினார்கள். கருவறையில் தேங்கிய நீரைக் குருக்கள் வாளியில் மொண்டு தருவார். மாசிலாமணியாரின் தந்தை வைத்தியலிங்கம் அதைச் சுமந்துபோய் வெளியே ஊற்றுவார். “ஒரு ஞாயித்துக்கெழம பசங்களக் கூட்டிக்கிட்டு வாடா” என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனும் வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நம் கோயில்தானே, நம்மைக் கோபித்துக்கொள்ளுமா என்று ஒரு நினைப்பு. ஊருக்கெல்லாம் தொண்டு செய்பவருக்கு இப்படியொரு குருட்டுத்தனமும் வந்து சேர்கிறது, என்ன செய்ய? ஒரு மார்கழிக் காலையில் ஈரப்படியில் வாளியோடு வழுக்கி விழுந்தார் வைத்தியலிங்கம். எட்டாம் நாள் உயிர் பிரிந்தது.

கொள்ளி வைத்துத் திரும்பியவரிடம் அக்காள் தையல்நாயகி அழாமல் கேட்டார்.

“ஊரு ஒலகத்துச் சாமியெல்லாம் கூப்புட்டா ஓடுன. அப்பா கூப்புட்டது மட்டும் காதுல விழலையாடா?”

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அவரால் திருச்சிக்குப் போக முடியவில்லை. வேலையை விட்டார். தலைமையையும் விட்டார். இளைஞர்கள் வந்து தோண்டித் தருவதாகச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அப்பா இருக்கும்போது அழைத்து வராதவர்களை இப்போது அழைக்க அவருக்கு நாக் கூசியது. அடுத்த மாதமே அவர்கள் வேறொருவரைத் தலைவராக்கிக்கொண்டார்கள்.

கொள்ளி வைத்த மகன் ஓராண்டு கோயில் படி மிதிக்கக் கூடாது, அவனுக்குத் தீர்த்தமும் தரக் கூடாது என்பது நெய்விளாகத்து வழக்கம். மாசிலாமணியார் வெளியே நின்றே தோண்டினார். சுவரின் கடைக்கால் அசைந்துவிடாதபடி கையகலம் கையகலமாக மண்ணை எடுத்தார். முந்நூறு கோயில் கண்ட தலைவர் கிணறு வெட்டுகிறார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரைத் தொடவில்லை. இந்தக் கைகளின் தொண்டினை இனி இறைவன் ஏற்பானா என்ற பயம்தான் அவரைத் தின்றது. ஒவ்வொரு நாளும் அதை வாய்விட்டுக் கேட்டு, பதில் வராமல், அழுதுகொண்டே தோண்டினார்.

வைகாசியில் ஒரு காலை, ஆளுயரக் குழிக்குள் கல்வாய் தென்பட்டது. தோள் வரை கையை நுழைத்து, உள்ளே அடைத்திருந்த வேர்க்கட்டை இழுத்தார். அந்த நேரம் உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. வேர் பிடுங்கிக்கொண்டு வந்ததும் பாலும் நீரும் வில்வமுமாகப் பெருகி வந்து, முதலில் அவர் முகத்தில்தான் விழுந்தது.

கருவறைத் தரையில் தேங்கிய நீர் வடிந்ததைக் கண்ட குருக்கள், பாதி பூசையில் விட்டுவர முடியாமல், தீபாராதனை முடிந்ததும் ஓடிவந்தார். நனைந்து நின்றவரைப் பார்த்துச் சொன்னார்.

“துக்கம் காக்கறவனுக்குத் தீர்த்தம் குடுக்கப்படாதுன்னு நான் கைய மடக்கிண்டேன் மாசிலாமணி. அவன் தானே வெளில வந்து குடுத்துட்டான்பா.”

செய்தி கேட்டுத் தையல்நாயகி வந்து குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து தம்பியோடு பேசாதவர், இப்போது முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார். மாசிலாமணியார் குழந்தைபோல் விம்மினார்.

“நாப்பது பேரு இருந்தாங்கக்கா. ஒரே ஞாயித்துக்கெழம வேல.”

இறைவன் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் படி மிதிக்க முடியாத பிள்ளையைத் தேடிச் சுவரைக் கடந்து வந்தான். அப்படி வரச் செய்த மாசிலாமணியாரின் மண் படிந்த கைகளை நாமும் வணங்குவோம்.