சுத்தியல் தொடாத இடம்

பந்தய வண்டி கட்டுவதில் வஹிதாவை மிஞ்ச கோயமுத்தூர்ப் பக்கம் ஆளில்லை. வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த தெய்வசிகாமணிக்கோ ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். தக்காளி ஏற்றி ஏற்றித் துருப்பிடித்துப்போன தன் பழைய பிக்கப்பைப் பந்தயத்தில் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர் அவர்.

எட்டு மாதம் பாடுபட்டார். பின்தொட்டியைக் கழற்றி எறிந்தார். இன்ஜினைப் பிரித்து மாட்டினார். வண்டி உருண்டாலும் ஆள் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினார். எல்லாம் வஹிதா சொல்லச் சொல்ல, அவர் கையால். ஞாயிற்றுக்கிழமை மண்தடத்தில் பந்தயம். இடது இருக்கையில் உட்கார்ந்து வழியின் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொல்லப் போகிறவள் அவர் மனைவி செல்லக்கிளி.

வியாழக்கிழமை காலையிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இறுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப இறுக்கினார். பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தாயிற்று, குலசாமிக்கும் வேண்டிக்கொண்டாயிற்று. கடைசியில் வஹிதாவிடமே போய் நின்றார்.

"மாஸ்டர், பயம் போகவே மாட்டேங்குதுங்க. அதைத் தொரத்த ஒரு வழி சொல்லுங்க."

அவள் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அடியில படுத்து, சேஸிஸ் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால வரைக்கும் தட்டிட்டு வாங்கண்ணா. நான் கேட்டுட்டு இருக்கறேன்."

அவர் வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தார். டங், டங் என்று வலப்பக்கம் முழுக்கத் தட்டினார். இடப்பக்கம் பாதி வந்ததும் சத்தம் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பித்தது.

"நடுவுல ஒரு சாண் விட்டுப்போச்சுங்கண்ணா."

அது செல்லக்கிளியின் இருக்கைக்கு நேர் கீழே இருந்த இடம். அங்கே துரு அரித்துத் தின்றிருந்ததைத் தெய்வசிகாமணி போன வாரமே பார்த்துவிட்டார். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கப் பத்து நாளாகும், பந்தயம் கைவிட்டுப் போய்விடும். அதனால் பழைய வண்டியை விற்கிறவன் செய்கிற வேலையைச் செய்தார். ஓட்டையில் பட்டிப் பசை பூசித் தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். பந்தயத்துக்கு முன்னால் வண்டியைச் சோதிக்க வருகிறவர்கள் எத்தனை குனிந்து பார்த்தாலும் தெரியாது.

"தட்டுங்க."

தட்டினார். டங் என்று கேட்கவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது. பட்டித் துண்டும் துருத்தூளும் முகத்தில் கொட்டின.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"உங்களுக்கு எப்பத் தெரியுங்க?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

"இப்பத்தான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"போக முடியாது."

அவர் மெல்ல ஊர்ந்து வெளியே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. தகட்டை இன்றைக்கே வெட்ட ஆரம்பிக்கிறேன் என்றார். அடுத்த பந்தயத்துக்குள்ளாவது இந்தப் பாழாய்ப்போன பயத்தைத் துரத்த வழி சொல்லும்படி கெஞ்சினார்.

வஹிதா சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"பயம் இருக்கட்டுங்கண்ணா. இந்த வண்டியில துருப்பிடிக்காம இருந்தது அது ஒண்ணுதான்."